மயிலாப்பூர் நிதி நிறுவன விவகாரம்: வங்கி பணத்துக்கு ரூ.5 லட்சம் இன்சூரன்ஸ்... பண்டு பணத்துக்கு ஒரு பைசா கூட கிடையாதா?

சென்னை மயிலாப்பூர் தெற்கு மாட வீதி. கபாலீசுவரர் கோவில் குளத்தை ஒட்டிய இந்த வீதியில் இருக்கிற "மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் நிதி லிமிடெட்" என்ற பெயரை தெரியாதவர்கள் அந்த ஏரியாவில் இருக்க முடியாது. 1872-ம் ஆண்டு தொடங்கிய நிறுவனம். தாத்தா பணம் போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று மூன்று தலைமுறையாக வந்து போன இடம். பெயரிலேயே "பெர்மனென்ட்" இருக்கிறது.

அந்த நிதி நிறுவனத்தில் டெபாசிட் செய்தவர்கள் 2024-ல் தங்கள் பணத்தை திருப்பி கேட்டபோது, கொடுத்த செக் பணம் இல்லாமல் திரும்பி வந்தது. முதிர்வு தேதி முடிந்தும் அசல் வரவில்லை. மாத வட்டியும் நின்று போனது. போலீசுக்கு போனார்கள். பொருளாதார குற்றப்பிரிவு போலீசார் வழக்குப்பதிவு செய்து, நிறுவனத்தின் நிர்வாக இயக்குனர் தேவநாதன் யாதவை 2024 ஆகஸ்டு 13-ந்தேதி கைது செய்தனர். அந்த ஆண்டு நடந்த பாராளுமன்ற தேர்தலில் சிவகங்கை தொகுதியில் பா.ஜ.க. கூட்டணி சார்பில் தாமரை சின்னத்தில் போட்டியிட்டவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது. சுமார் 5 ஆயிரம் பேரிடம் வாங்கிய ரூ.525 கோடி டெபாசிட் பற்றிய புகார் என்று அப்போது தகவல் வெளியானது.

கோர்ட்டு தீர்ப்பு சொல்லும் வரை இது குற்றச்சாட்டுதான். ஆனால் பணம் கைக்கு வரவில்லை என்பதற்கு தீர்ப்பு தேவையில்லை.

அன்று முதல் மாட வீதியிலும், லஸ் கார்னரிலும், மந்தைவெளி பஸ் ஸ்டாண்டிலும் ஒரே கேள்விதான். "பேங்க்ல போட்டா 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டுன்னு சொல்றாங்களே, இதுக்கு கிடையாதா?"

கிடையாது. அந்த பதில்தான் பலருக்கு இரண்டாவது இடி.

அந்த 5 லட்சம் யாருக்கு?

வங்கி டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் கொடுப்பது ரிசர்வ் வங்கிக்கு சொந்தமான டெபாசிட் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாத கழகம். இது தானாக வந்ததல்ல. 1960-ல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. ஜனங்கள் கதறினார்கள். அதன்பிறகுதான் பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டு வந்து, 1962 ஜனவரி 1-ந்தேதி டெபாசிட் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் வேலையை தொடங்கியது. அப்போது ஒரு ஆளுக்கு உத்தரவாதம் ரூ.1,500 மட்டும்!

அது படிப்படியாக ஏறி 1980-ல் ரூ.30 ஆயிரம் ஆனது. 1993-ல் ரூ.1 லட்சம். அதோடு 27 வருஷம் அப்படியே கிடந்தது. 2019 செப்டம்பரில் மும்பையில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி மாட்டியது. முதலில் ஒரு கணக்குக்கு ரூ.1,000 மட்டுமே எடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். வங்கி வாசலில் வயதானவர்கள் அழுத காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது. அதற்கு பிறகு 2020 பிப்ரவரி 4-ந்தேதி முதல் உத்தரவாதம் ரூ.5 லட்சம் ஆனது.

இதற்கு பிரீமியம் கட்டுவது நாம் இல்லை, வங்கிதான். 2020 ஏப்ரலில் 100 ரூபாய் டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 12 பைசா என்று நிர்ணயித்தார்கள். வாடிக்கையாளரிடம் இதை வசூலிக்கக்கூடாது.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் மயிலாப்பூர் கிளையில் 3 லட்சம், தி.நகர் கிளையில் 3 லட்சம், அடையாறு கிளையில் 2 லட்சம் போட்டு வைத்தாலும் எல்லாம் ஒரே கணக்காகத்தான் கூட்டுவார்கள். மொத்தம் 8 லட்சத்தில் 5 லட்சம்தான் வரும். அதே 8 லட்சத்தை இரண்டு வெவ்வேறு வங்கிகளில் பாதி பாதியாக போட்டிருந்தால் முழுசும் பாதுகாப்பு. கணவன் பெயரில் தனியாக, மனைவி பெயரில் தனியாக, இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக என்று இருந்தால் அவை தனித்தனி கணக்கு.

அரசு வங்கி, தனியார் வங்கி, இந்தியாவில் கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கி, கிராம வங்கி, சிறு நிதி வங்கி, கூட்டுறவு வங்கி எல்லாமே இந்த குடைக்குள் வரும். தொடக்க வேளாண்மை கூட்டுறவு சங்கம் வராது. பைனான்ஸ் கம்பெனி வராது. சிட்பண்டு வராது. நிதி லிமிடெட் வராது.

நிதி ஏன் வராது?

வங்கி நடத்த ரிசர்வ் வங்கியின் லைசென்ஸ் வேண்டும். நிதி லிமிடெட் என்பது கம்பெனி சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி. இப்போது 2013-ம் ஆண்டு கம்பெனி சட்டத்தின் 406-வது பிரிவும், 2014-ம் ஆண்டு நிதி விதிகளும் இதை கட்டுப்படுத்துகின்றன. மேலே இருந்து பார்த்துக்கொள்வது மத்திய கம்பெனி விவகார அமைச்சகம். பைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி போடும் முக்கியமான கெடுபிடிகளில் இருந்து நிதிகளுக்கு விலக்கு உண்டு.

அதற்கு சொல்லும் காரணம் ஒன்றுதான். "இது வெளியாட்களிடம் பணம் வாங்குகிற இடமில்லை, உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்கிற இடம்." விதிப்படி நிதியில் டெபாசிட் போடுகிறவர் உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்காக 100 ரூபாய்க்கு ஷேர் கொடுத்து விடுவார்கள். கவுண்டரில் பத்து இடத்தில் கையெழுத்து வாங்கும்போது இந்த ஷேர் பாரமும் அதில் ஒன்றாக போய்விடும். 10 லட்சம் டெபாசிட் போட்ட பெரியவருக்கு, தான் 100 ரூபாய் பங்குதாரர் ஆகிவிட்டோம் என்பதே தெரியாது. "வாடிக்கையாளர்" என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனவர், "உறுப்பினர்" ஆகி வெளியே வருகிறார். பாதுகாப்பு வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. நிதி நிறுவனம் தன் சொந்த பணத்தை போல் 20 மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது. வாங்கிய டெபாசிட்டில் 10 சதவீதத்துக்கு குறையாமல், யாருக்கும் அடமானம் வைக்காத பிக்சட் டெபாசிட்டாக வங்கியிலோ தபால் ஆபீசிலோ போட்டு வைக்க வேண்டும். நகை, வீடு, டெபாசிட் சீட்டு போன்ற ஈட்டின் பேரில் உறுப்பினருக்கு மட்டுமே கடன் கொடுக்கலாம். டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக்கூடாது.

கணக்கு போட்டு பாருங்கள். 525 கோடிக்கு 10 சதவீதம் என்றால் 52 கோடிக்கு மேல் தனியாக, பத்திரமாக இருந்திருக்க வேண்டும். இந்த விதியை ஒழுங்காக கடைப்பிடித்தாலும் 100 ரூபாய்க்கு 10 ரூபாய்தான் ஒதுங்கி நிற்கும். மீதி 90 ரூபாயின் பாதுகாப்பு, அதை நடத்துகிறவர்களின் நாணயம் மட்டும்தான்.

பேராசையா?

இந்த மாதிரி நேரத்தில் டீக்கடையில் வரும் முதல் டயலாக், "பேராசை பெரு நஷ்டம்". மயிலாப்பூர் விஷயத்தில் இதை சொல்வது நியாயமில்லை.

2022-ல் சிக்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், அது மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டியது. சுமார் 1 லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி வசூல் என்பது போலீஸ் சொன்ன கணக்கு. அந்த வட்டியை கேட்டதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இங்கே கதை வேறு. மயிலாப்பூர் பண்டு கொடுத்தது வருஷத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டிய வட்டி. 2020, 2021-ல் பெரிய வங்கிகளில் பிக்சட் டெபாசிட் வட்டி 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ரிட்டயர்மென்ட் பணம் 10 லட்சத்தை வங்கியில் போட்டால் மாதம் ரூ.4,166. பண்டில் போட்டால் ரூ.8,333. மாத்திரை மருந்துக்கும், கரண்டு பில்லுக்கும் அந்த நாலாயிரம் வித்தியாசம் பெரிசு. 150 வருஷ நிறுவனம், பதிவு பெற்ற கம்பெனி, கோவில் பக்கத்து வீதி. இதை நம்பியவரை பேராசைக்காரர் என்றால் யார்தான் யோக்கியர்?

கம்பெனிக்கே இன்சூரன்ஸ் இருக்குமே?

அடுத்து வரும் கேள்வி இது. "அவ்ளோ பெரிய கம்பெனி, திருட்டு மோசடிக்கு பாலிசி எடுத்திருக்க மாட்டாங்களா?"

வங்கிகளும் பைனான்ஸ் நிறுவனங்களும் எடுக்கும் பாலிசி உண்டு. பெட்டியில் இருக்கும் பணம், வண்டியில் போகும் பணம், அடகு நகை, ஊழியர் செய்யும் கையாடல் இவற்றுக்கு பாதுகாப்பு கொடுக்கும். அந்த பாலிசியில் காப்பீடு பெறுவது நிறுவனம்தான், டெபாசிட் போட்டவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும் நிறுவனத்துக்குத்தான் கொடுக்கும்.

அதைவிட பெரிய முட்டுக்கட்டை இன்னொன்று. ஊழியர் நாணய பாலிசி என்பது கேஷியர் எடுத்தார், மேனேஜர் எடுத்தார் என்பதற்கு. நிறுவனத்தை நடத்துகிறவரே எடுத்தார் என்று புகார் வந்தால், "முதலாளி தன் வீட்டிலேயே திருடியதற்கு நான் பணம் தர முடியாது" என்றுதான் இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும். கேஷியர் கையாடலிலும் கூட தகராறு லேசில் முடியாது. எப்போது நடந்தது, எப்போது கண்டுபிடித்தீர்கள், உடனே தகவல் சொன்னீர்களா, பாலிசி தேதிக்கு முன்பே தொடங்கியதா என்று ஒவ்வொன்றும் வழக்காகும். பத்து வருஷமாக கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தால் எந்த வருஷத்து பாலிசி பொறுப்பு என்பதற்கே தனி வழக்கு நடக்கும்.

மும்பையில் நடந்ததை பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2025 பிப்ரவரியில் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் ரூ.122 கோடி கையாடல் என்று புகார் எழுந்தது. பொது மேலாளராக இருந்தவர் கைதானார். ரிசர்வ் வங்கி பிப்ரவரி 13-ந்தேதி கட்டுப்பாடு போட்டது. அதுவும் மோசடி புகார், இதுவும் மோசடி புகார். ஆனால் அது வங்கி. 2021-ல் திருத்திய சட்டப்படி, கட்டுப்பாடு போட்ட 45 நாளில் வங்கி பட்டியல் கொடுக்க வேண்டும், 30 நாளில் சரிபார்க்க வேண்டும், 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஆக மொத்தம் 90 நாள். 5 லட்சம் வரை வைத்திருந்தவர்களுக்கு போலீஸ் விசாரணை முடியும் வரை காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. அந்த வங்கி பிறகு 2025 ஆகஸ்டில் சரஸ்வத் வங்கியோடு இணைக்கப்பட்டது.

மயிலாப்பூரில் 90 நாள் என்ற பேச்சே கிடையாது.

மயிலாப்பூருக்கு புதுசல்ல

இந்த ஏரியாவுக்கு இது முதல் அடி இல்லை. 1906 அக்டோபர் 22-ந்தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார நிறுவனம் கதவை சாத்தியது. மெட்ராஸ் மாகாணம் முழுக்க ஜனங்கள் பணத்தை பறிகொடுத்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாத கடுங்காவல் கிடைத்தது. அப்போது டெபாசிட் போட்டவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி அய்யர், "நமக்கென்று ஒரு பேங்க் வேண்டும்" என்று முன்னின்று முயற்சி எடுத்தார். அப்படி 1907 ஆகஸ்டு 15-ந்தேதி திறக்கப்பட்டதுதான் இந்தியன் வங்கி. அர்பத்நாட் மூழ்கியபோது மயிலாப்பூர் பண்டுக்கு 34 வயது. அந்த புயலிலும் தாக்குப்பிடித்த நிறுவனம் அது.

1990-களில் தமிழ்நாட்டில் தெருவுக்கு தெரு பைனான்ஸ் கம்பெனி முளைத்தது, ஒவ்வொன்றாக ஓடியது. அதனால்தான் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்பு சட்டம் 1997-ல் வந்தது. டான்பிட் சட்டம் என்று சொல்வார்கள். அடுத்து 2000-ம் ஆண்டு வாக்கில் சென்னையின் பழைய பெனிபிட் பண்டுகளே ஆட்டம் கண்டன. நிதி நிறுவனங்களை ஆராய முன்னாள் தலைமை செயலாளர் பி.சபாநாயகம் தலைமையில் மத்திய அரசு கமிட்டி போட்டது. விதிகள் இறுகின. ஆனால் டெபாசிட் இன்சூரன்ஸ் என்ற ஒன்று மட்டும் நிதிகளுக்கு வரவே இல்லை. உறுப்பினரை வாடிக்கையாளராக பார்க்க யாரும் தயாராக இல்லை என்பதுதான் இதில் தெரிகிறது.

இப்போது என்ன வழி?

மிச்சம் இருப்பது டான்பிட் சட்டம்தான். இதை எதிர்த்து போட்ட வழக்கில், சட்டம் செல்லும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து விட்டது. இந்த சட்டப்படி நிறுவனத்தின் சொத்து, அதன் பணத்தில் வாங்கியதாக கருதப்படும் நிர்வாகிகளின் சொத்து ஆகியவற்றை அரசு முடக்கலாம். சிறப்பு கோர்ட்டு உறுதி செய்த பிறகு ஏலம் விட்டு, வந்த பணத்தை டெபாசிட் போட்டவர்களுக்கு அவரவர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்து கொடுப்பார்கள்.

இன்சூரன்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். இன்சூரன்ஸ் என்றால் 4 லட்சம் போட்டவருக்கு 4 லட்சம். ஏலம் என்றால் என்ன கிடைக்கிறதோ அதில் பங்கு. சொத்து யாருடையது என்று மூன்றாம் நபர் வழக்கு போடுவார். வங்கி "எங்களிடம் அடமானம் இருக்கு" என்று வரும். ஏலத்தில் கேட்க ஆள் வராது. எல்லாம் முடிய வருஷக்கணக்காகும்.

ஐகோர்ட்டும் பணத்தை வரவைக்க பார்த்தது. 2025-ல் ரூ.100 கோடி கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தேவநாதனுக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தது. கெடு தேதி வந்தது. பணம் வரவில்லை.

புகார் கொடுக்காமல் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவார்கள். "ஆயிரக்கணக்கான பேர் குடுத்துட்டாங்க, நம்ம பேரும் லிஸ்ட்ல இருக்கும்" என்று சும்மா இருக்கக்கூடாது. டெபாசிட் சீட்டு, பணம் கட்டிய ரசீது, திரும்பி வந்த செக், வங்கி பாஸ்புக் நகல், அடையாள அட்டையோடு அவரவர் பொருளாதார குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். ஒரிஜினல் சீட்டை யாரிடமும் கொடுத்துவிடக்கூடாது. டெபாசிட் போட்ட பெரியவர் இறந்து போயிருந்தால் இறப்பு சான்றிதழும் வாரிசு சான்றிதழும் சேர்த்து வாரிசுகள் கொடுக்கலாம். "கொஞ்சம் செலவு பண்ணினா உங்க பணத்தை முதல்ல எடுத்து தர்றேன்" என்று இந்த நேரத்தில் வீடு தேடி வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பங்கு பிரிப்பது கோர்ட்டு. அதில் முதல், கடைசி என்று எதுவும் இல்லை.

ஓ.டி.பி.யில் போன பணம்

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். தி.நகரிலும் அடையாறிலும் போனில் மிரட்டி, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பயமுறுத்தி பணம் பறிக்கும் கும்பலிடம் ஏமாந்தவர்கள், "வங்கியில் 5 லட்சம் இன்சூரன்ஸ் இருக்கே, அதுல குடுங்க" என்று கேட்பதுண்டு. அந்த இன்சூரன்ஸ் வங்கி மூழ்கினால் மட்டும்தான். வங்கி நன்றாக இருக்கும்போது உங்கள் கணக்கில் இருந்து மட்டும் பணம் போனால் அதற்கு வராது.

அதற்கு வேறு கணக்கு. 2017 ஜூலை 6-ந்தேதி ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவில், வாடிக்கையாளர் தப்பு, வங்கி தப்பு இரண்டும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போனால் 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது என்று வைத்தார்கள். 4 முதல் 7 நாள் என்றால் சாதாரண சேமிப்பு கணக்குக்கு ரூ.10 ஆயிரம் வரை அவர் தலையில் விழும். ஆனால் ஓ.டி.பி.யை தானே சொல்லியிருந்தால், வங்கிக்கு தகவல் கொடுக்கும் வரை போன பணம் அவருடைய நஷ்டம். தனியார் கம்பெனிகள் விற்கும் சைபர் பாலிசியிலும் தகராறு இதே இடத்தில்தான் வெடிக்கிறது. "பணத்தை திருடினார்களா, நீங்களே அனுப்பினீர்களா?" என்று கேட்பார்கள். மிரட்டி அனுப்ப வைத்தாலும் கை விரல் உங்களுடையது என்று வாதம் செய்வார்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு போன் போட்டால், பணம் அடுத்த கணக்குக்கு தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.

எங்கே போடலாம் என்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு தகவல். தபால் ஆபீஸ் பணத்துக்கு டெபாசிட் இன்சூரன்ஸ் இல்லை, ஆனால் மத்திய அரசே பொறுப்பு. அங்கே மூத்த குடிமக்கள் சேமிப்பு திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக ஏற்றப்பட்டது. உச்சவரம்பும் 15 லட்சத்தில் இருந்து 30 லட்சமானது. இது பல பேருக்கு அப்போது தெரியாமல் போனது.

இன்சூரன்ஸ் உள்ள வங்கிகள் எல்லாம் தங்கள் இணையதளத்தில் டெபாசிட் காப்பீட்டு கழகத்தின் முத்திரையும் கியூ.ஆர். கோடும் போட வேண்டும் என்று 2023 செப்டம்பர் 1-ந்தேதி முதல் உத்தரவு இருக்கிறது. பேரப்பிள்ளையின் செல்போனில் பார்த்தால் தெரிந்துவிடும். அது தெரியாதவர்கள் கவுண்டரில் இருப்பவரிடம், "டெபாசிட் இன்சூரன்ஸ்ல பதிவு பண்ணின வங்கியா இது?" என்று நேராகவே கேட்கலாம். "நாங்க நூறு வருஷமா இருக்கோம்மா" என்று பதில் வந்தால், பதிவு இல்லை என்று அர்த்தம்.